வலிப்பு, மாத்திரை, மறதி: கதவருகே நின்று கேட்கப்பட்ட கேள்விகள்

வலிப்பு நோய் ஆராய்ச்சிக் குழு ஒன்றில் நினைவாற்றல், கவனம், மொழி ஆகியவற்றைச் சோதிப்பது என் வேலை. சோதனை நடக்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. எல்லாம் முடிந்து எழுந்து, கதவில் கை வைத்த பிறகுதான் "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?" என்று திரும்புவார்கள். அந்த 'ஒண்ணே ஒண்ணு' பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். மருந்து எழுதித் தருவது என் வேலை அல்ல. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரே ஒரு தடவை ஃபிட்ஸ் வந்துச்சு. அப்போ எனக்கு வலிப்பு நோய்னு அர்த்தமா?

கட்டாயம் அப்படி இல்லை. மூளையின் நரம்பணுக்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, கட்டுமீறி ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியிடுவதுதான் வலிப்பு. காய்ச்சல், ரத்தத்தில் சர்க்கரை சரிந்துபோவது, தலையில் அடிபட்ட உடனே என்று தூண்டுதல் ஏதாவது இருந்தால் யாருக்கும் அது வரலாம்.

சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புச் சங்கம் 2014-ல் தந்த வரையறைப்படி, தூண்டுதல் இல்லாத வலிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்தால் அது வலிப்பு நோய். ஒரே முறை வந்திருந்தாலும், அடுத்த பத்து ஆண்டுகளில் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதமாவது இருக்கிறது என்று ஸ்கேனோ, மூளையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யோ காட்டினால் அதுவும் வலிப்பு நோயே. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருக்கிறது.

மாத்திரை இதைக் குணப்படுத்துமா, இல்ல அடக்கி மட்டும் வைக்குமா?

அடக்கி வைக்கும். ஆனால் 'மட்டும்' என்று சொல்லி அதைக் குறைத்துவிட முடியாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் க்வான், பிராடி என்ற இரு மருத்துவர்கள் 525 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், 63 சதவீதம் பேருக்கு வலிப்பு முழுவதுமாக நின்றிருந்தது. அதற்கு முன் மருந்தே எடுக்காதவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு முதல் மாத்திரையிலேயே நின்றது. இரண்டாவது மாத்திரை மேலும் 13 சதவீதம் பேருக்கு உதவியது. மூன்றாவதிலோ கூட்டு மருந்திலோ நின்றவர்கள் மிகச் சிலரே.

அதே ஊரில் 1795 பேரை வைத்து 2018-ல் வந்த தொடர் ஆய்வு என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. இடையில் எத்தனையோ புதிய மருந்துகள் வந்திருந்தும், வலிப்பு நின்றவர்கள் ஏறத்தாழ 64 சதவீதம்தான். எண் அசையவே இல்லை. அப்படியானால் எந்த மருந்து என்பதை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அந்த மருந்தோடு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதற்கு அதில் பெரிய இடம் தர வேண்டும் என்பது என் எண்ணம். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

ஃபிட்ஸ் நின்னா போதாதா? 'வாழ்க்கைத் தரம்'னு தனியா எதுக்கு அளக்குறீங்க?

நின்றுவிட்டால் பெரிய நிம்மதிதான், அதில் சந்தேகமே இல்லை. மாதம் பத்து முறை வந்தது ஐந்தாகக் குறைந்தால் நாங்கள் 'பாதியாகக் குறைந்தது' என்று எழுதிக்கொள்வோம். வீட்டில் இருப்பவருக்கோ அடுத்தது எப்போது வரும் என்ற பயம் அப்படியே இருக்கும். முழுவதுமாக நிற்பதற்கும் குறைவதற்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருக்கிறது.

இதை அளக்க வலிப்பு உள்ளவர்களுக்கென்றே அமைத்த படிவங்கள் உண்டு. அதிகம் பயன்படுவது 31 கேள்விகள் கொண்டது. வலிப்பு பற்றிய கவலை, மனநிலை, உடல் தெம்பு, யோசிக்கும் திறன், மருந்தின் விளைவுகள், மற்றவர்களோடு பழகுவது, மொத்தத்தில் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஏழு பகுதிகள். மதிப்பெண் 0 முதல் 100 வரை.

வலிப்பு கட்டுப்படாதவர்களிடம் இப்படி அளந்து பார்த்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒன்றைக் காட்டின. எத்தனை முறை வலிப்பு வருகிறது என்பதை விட, மனச்சோர்வும் மருந்தின் பக்கவிளைவுகளும்தான் வாழ்க்கைத் தரத்தை அதிகமாகத் தீர்மானிக்கின்றன. வலிப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இவை இரண்டும் கண்ணில் படாது.

இந்த மறதி வலிப்பாலயா, மாத்திரையாலயா?

எல்லாவற்றிலும் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஒற்றைப் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள், ஆனால் குறைந்தது நான்கு காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலாவது, வலிப்புக்கே மூலமான கோளாறு. பக்கவாட்டு மூளை மடலின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிதான் புதிய நினைவுகளைப் பதிய வைக்கிறது. அதில் தழும்பு இருந்தால் வலிப்பும் வரும், மறதியும் வரும். இரண்டாவது, வலிப்பும் அதன் பின் வரும் மந்தமும். வெளியே எதுவும் தெரியாமல் இ.இ.ஜி.யில் மட்டும் தெரியும் சிறு மின்வெடிப்புகள்கூட, அந்தச் சில நொடிகளுக்குக் கவனத்தை அறுத்துவிடும். மூன்றாவது மருந்து. நான்காவது தூக்கமும் மனநிலையும்.

மருந்து மட்டுமே காரணம் அல்ல என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. புதிதாக வலிப்பு கண்டறியப்பட்ட குழந்தைகளைத் தொடக்கத்திலேயே சோதித்த ஆய்வுகளில், ஒரு பகுதியினரிடம் கவனக்குறைவும் படிப்பில் பின்தங்கலும் அப்போதே இருந்தன. சிலரிடம் முதல் வலிப்புக்கு முன்பே இருந்தன. 'மாத்திரை கொடுத்துக் குழந்தையைக் கெடுத்துட்டேன்' என்று அழுத தாய்மாரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிரித்தறிய நான் பயன்படுத்தும் எளிய வழி தேதிகள். மறதி எப்போது தொடங்கியது, மருந்து எப்போது தொடங்கியது அல்லது டோஸ் எப்போது கூடியது, பெரிய வலிப்பு கடைசியாக எப்போது வந்தது என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். டோஸ் கூடிய சில வாரங்களுக்குள் பேச்சும் யோசனையும் மந்தமானால் சந்தேகம் மருந்தின் மேல் போகும். மாத்திரை தொடங்குவதற்கு ஐந்து வருடம் முன்பே பெயர்கள் மறந்துகொண்டிருந்தால், வேறு இடத்தில் தேட வேண்டும்.

எந்த மாத்திரை மூளையை அதிகமா மந்தமாக்கும்? பேரைச் சொல்லுங்க.

பழையவற்றில் ஃபீனோபார்பிட்டால். இது 1912 முதல் வலிப்புக்குப் பயன்படுகிறது. காய்ச்சல் வலிப்பு வந்த சிறு குழந்தைகளுக்கு இதையோ மருந்தே இல்லாத போலி மாத்திரையையோ இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1990-ல் வெளியானது. ஃபீனோபார்பிட்டால் குழுவின் சராசரி நுண்ணறிவு எண் (ஐ.க்யூ.) 8.4 புள்ளி குறைவாக இருந்தது. அந்த ஆய்வில் அது வலிப்பைத் தடுக்கவும் இல்லை. புதியவற்றில் டோபிரமேட். சொல் நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. பேச்சையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது பெரும் துன்பம்.

லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் இரண்டும் யோசிக்கும் திறனை அதிகம் தொடுவதில்லை. கார்பமஸெபின், ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட் நடுவில் நிற்கின்றன, டோஸ் ஏற ஏற மந்தமும் ஏறும். மருந்தின் பெயர் அளவுக்கு அவற்றின் எண்ணிக்கையும் முக்கியம். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகும்போது திட்டமிடுதல், கவனம், வேகம் எல்லாம் படிப்படியாக இறங்குவதைச் சோதனைகள் காட்டுகின்றன.

ஃபீனோபார்பிட்டாலைத் தூக்கி எறிய வேண்டும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். விலை மலிவானது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. வேறு மருந்தே கிடைக்காத இடங்களில் எத்தனையோ பேரை வலிப்பிலிருந்து அதுதான் காக்கிறது.

இந்த மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து என் வீட்டுக்காரர் எரிஞ்சு எரிஞ்சு விழறார். இதுவும் மாத்திரையா?

லெவெடிரசெட்டம் என்றால், இருக்கலாம். எரிச்சல், கோபம், மனநிலை மாற்றம் அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை, வருபவர்களுக்குக் குடும்பமே ஆட்டம் காணும். 'குணம் மாறிப் போச்சு' என்று மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு.

பையன் கிளாஸ்ல அப்பப்போ வெறிச்சுப் பார்க்கிறான், கூப்பிட்டா காது கேக்கல. டீச்சர் கவனம் இல்லைன்னு சொல்றாங்க. இது வலிப்பா?

இருக்கக்கூடும். சில நொடிகள் மட்டும் சுயநினைவு அறுந்து, உடனே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், அது குழந்தைகளுக்கு வரும் 'வெறித்தல் வகை' வலிப்பா என்று பார்க்க வேண்டும். தோளைத் தொட்டால் திரும்புகிறானா என்று கவனியுங்கள். பகல் கனவு காணும் குழந்தை திரும்பும்.

இந்த வகைக்கு எந்த மருந்து நல்லது என்று 453 குழந்தைகளை வைத்து நடந்த சோதனை 2010-ல் வெளியானது. வலிப்பை நிறுத்துவதில் எத்தோசக்சிமைடும் வால்ப்ரோயேட்டும் ஏறத்தாழ சமம், லாமோட்ரிஜின் பின்தங்கியது. வலிப்பை மட்டும் எண்ணியிருந்தால் முதல் இரண்டில் எதையும் கொடுக்கலாம் என்று முடித்திருப்பார்கள். ஆனால் அந்த ஆய்வாளர்கள் கவனத்தையும் தனியே சோதித்தார்கள். கவனக்குறைவு வால்ப்ரோயேட் எடுத்தவர்களில் 49 சதவீதம், எத்தோசக்சிமைடு எடுத்தவர்களில் 33 சதவீதம். முதலில் எத்தோசக்சிமைடு என்ற முடிவுக்கு வர இந்த அளவை பெரிதும் உதவியது. எங்கள் வேலை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் காட்டும் முதல் உதாரணம் இது.

மெமரி டெஸ்ட்டுனு சொல்றீங்களே, அதுல என்ன பண்ணுவீங்க? ஃபெயில் ஆனா?

ஃபெயில் என்று எதுவும் இல்லை. உங்கள் வயது, படிப்பு உள்ள மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு செய்கிறார்கள் என்பதோடுதான் ஒப்பிடுகிறோம். பரவலாக உள்ள சோதனை ஒன்றில் 15 சொற்களை வாசிப்போம், நினைவிருப்பதைச் சொல்ல வேண்டும். இப்படி ஐந்து சுற்று. அரை மணி நேரம் வேறு வேலைகள் கொடுத்துவிட்டு, முன்னறிவிப்பில்லாமல் அந்தச் சொற்களை மறுபடி கேட்போம். ஐந்து சுற்றில் எப்படி ஏறுகிறீர்கள் என்பது கற்கும் திறன். அரை மணி கழித்து எவ்வளவு மிஞ்சுகிறது என்பது பதியும் திறன். இரண்டும் வேறு வேறாகக் கெடலாம். படங்களை நினைவில் வைத்தல், எண்களைத் தலைகீழாகச் சொல்லுதல், ஒரு நிமிடத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லுதல் ஆகியவையும் உண்டு.

மருந்து மாற்றுவதற்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் செய்தால்தான் இதன் பயன் முழுதாகக் கிடைக்கும். இரண்டாம் முறை வேறு சொற்பட்டியலைத் தருவோம். இல்லாவிட்டால் பழக்கத்தினால் ஏறும் மதிப்பெண்ணை முன்னேற்றம் என்று நினைத்துவிடுவோம்.

டெஸ்ட்ல நார்மல்னு வந்துச்சு. ஆனா எனக்கு மறதி இருக்கு. நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?

இல்லை. இதைக் கேட்கும்போது பலர் கண் கலங்குகிறார்கள். நம் சோதனை அரை மணி நேர மறதியை மட்டும் பார்க்கிறது. வலிப்பு உள்ள சிலருக்கு அரை மணி கழித்து எல்லாம் நினைவிருக்கும், ஆனால் சில நாள்களிலோ வாரங்களிலோ மற்றவர்களை விட வேகமாக அழிந்துவிடும். போன மாதம் போன கல்யாணம், போன வருடம் போன பயணம் என்று வாழ்க்கையின் துண்டுகள் காணாமல் போகும். வழக்கமான சோதனையில் இது பிடிபடாது. ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'எனக்கு மறதி' என்று ஒருவர் எவ்வளவு உணர்கிறார் என்பது சோதனை மதிப்பெண்ணை விட மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் அதிகம் ஒத்துப்போகிறது. மனம் கனத்திருக்கும்போது கவனம் பதியாது, கவனம் பதியாதது நினைவில் நிற்காது. மறதி உண்மை, அதற்கு வாசல் வேறு. அந்த வாசலுக்கு மருத்துவம் உண்டு என்பதால் இது ஒரு வகையில் நல்ல செய்தி.

வலிப்பு இருந்தா மனசு சோர்ந்துதான போகும்? அதுக்குத் தனியா வைத்தியம் எதுக்கு?

வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. நோய் வந்த கவலை மட்டும் என்று ஒதுக்க முடியாது. முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் வலிப்பு வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால், இரண்டுக்கும் மூளையில் பொதுவான வேர் இருப்பதாகக் கருதுகிறார்கள். வாழ்க்கைத் தரத்தை அது எவ்வளவு இழுக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆறே கேள்விகளில் இதைக் கண்டுபிடிக்கும் படிவம் உண்டு, சில நிமிட வேலை. மனச்சோர்வு மாத்திரை எடுத்தால் வலிப்பு கூடும் என்ற பயம், வழக்கமான அளவில் கொடுக்கப்படும் பெரும்பாலான மருந்துகளுக்குப் பொருந்தாது. புப்ரோப்பியான் போன்ற சிலவற்றை மட்டும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே அருகில் இருப்பவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

குழந்தை பெத்துக்கணும்னு ஆசை. மாத்திரை குழந்தையோட மூளையைப் பாதிக்குமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. கர்ப்பத்தில் ஒரே ஒரு வலிப்பு மருந்து எடுத்த பெண்களின் குழந்தைகளை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆறு வயதில் வால்ப்ரோயேட் குழுவின் சராசரி நுண்ணறிவு எண் 97, கார்பமஸெபின் 105, லாமோட்ரிஜினும் ஃபெனிட்டாயினும் 108. வால்ப்ரோயேட்டின் டோஸ் கூடக் கூட இறக்கமும் கூடியது. பிறவிக் குறைபாடுகளும் அதில்தான் அதிகம், பத்துக் குழந்தைகளில் ஒன்று என்ற அளவில். கருத்தரிக்கும் சமயத்திலேயே ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களின் குழந்தைகள் சராசரி 108, எடுக்காதவர்களின் குழந்தைகள் 101. மருந்து எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுத்ததால் குழந்தைகளின் மதிப்பெண் குறையவும் இல்லை.

இந்த எண்களைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டு வந்த பெண்களைச் சந்தித்திருக்கிறேன். அது கத்தி மேல் நடப்பது. கர்ப்பத்தில் வரும் பெரிய வலிப்பு தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. கருத்தரிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே மருத்துவரிடம் பேசினால், மருந்தை மெதுவாக மாற்ற நேரம் இருக்கும். கர்ப்பம் உறுதியான பிறகு வருபவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை.

மருந்து கேக்கலைன்னா இன்னும் எத்தனை மாத்திரை மாத்திப் பார்க்கணும்?

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் நிற்கவில்லை என்றால், அதை 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு' என்று 2010-லிருந்து வரையறுக்கிறார்கள். காரணம் மேலே சொன்ன கிளாஸ்கோ எண்கள்தான். மூன்றாவதில் நிற்கும் வாய்ப்பு அவ்வளவு குறைவு. அறுவை சிகிச்சைக்குத் தகுதி உண்டா என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

பக்கவாட்டு மடல் வலிப்பு உள்ள 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து கனடாவில் நடந்த சோதனை 2001-ல் வெளியானது. ஓராண்டு முடிவில், சுயநினைவைத் தடுமாற வைக்கும் வலிப்பு அறவே இல்லாதவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் 58 சதவீதம், மருந்துக் குழுவில் 8 சதவீதம். வாழ்க்கைத் தரமும் முதல் குழுவில் உயர்ந்திருந்தது. மருந்துக் குழுவில் ஒருவர் இறந்தார். டெல்லி எய்ம்ஸில் 116 குழந்தைகளையும் இளவயதினரையும் வைத்து நடந்த சோதனை 2017-ல் வந்தது. அங்கே 77 சதவீதம், 7 சதவீதம். இவ்வளவு தெளிவான வித்தியாசம் மருத்துவத்தில் அபூர்வம். இருந்தும் பலர் இருபது ஆண்டுகள் மாத்திரை மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த இருபது ஆண்டுப் படிப்பையும் வேலையையும் யாராலும் திருப்பித் தர முடியாது.

ஆபரேஷன் பண்ணினா ஞாபகமே போயிடும்னு சொல்றாங்களே?

இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. ஹென்றி மொலைசன் என்ற 27 வயது அமெரிக்க இளைஞருக்கு 1953-ல் வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர் மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும் வரை அவரால் புதிய நினைவு எதையும் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரைச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு மில்னர் புதியவர். நினைவு மூளையில் எங்கே பதிகிறது என்று இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு அவர் இழந்ததிலிருந்து கற்றது. அதன் பிறகு இரண்டு பக்கமும் எடுப்பதை விட்டுவிட்டார்கள்.

ஒரு பக்கம் எடுத்தாலும் இழப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இடப்பக்க மடலில் அறுவை செய்தவர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேருக்குச் சொல் நினைவு குறைந்தது, வலப்பக்கத்தில் 20 சதவீதம். மொழி பெரும்பாலானோருக்கு இடப்பக்கம் இருப்பதுதான் காரணம். நன்றாக வேலை செய்யும் திசுவை எடுத்தால்தான் இழப்பு பெரிது. ஸ்கேனில் ஹிப்போகாம்பஸ் ஏற்கெனவே சுருங்கி, சோதனையிலும் சொல் நினைவு குறைவாக உள்ளவருக்கு இழக்க அதிகம் இல்லை. ஸ்கேன் சுத்தமாக, நினைவும் கூர்மையாக இருப்பவருக்கே ஆபத்து அதிகம். முன்பு சொன்ன 15 சொற்கள் சோதனை இங்கே கனமான முடிவுகளுக்கு உதவுகிறது.

எடை போடும்போது மறு தட்டையும் பாருங்கள். வலிப்பு தொடர்ந்தாலும் நினைவு பல ஆண்டுகளில் தேயலாம். அறுவைக்குப் பின் வலிப்பு நின்று, மருந்தும் குறைந்தால் கவனமும் வேகமும் மேம்படுவதுண்டு. வலிப்பும் நிற்காமல் நினைவும் குறைந்தால் அதுதான் மோசமான முடிவு. அதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று அறுவைக் குழுவிடம் நேராகக் கேளுங்கள்.

சாப்பாட்டை மாத்தினா வலிப்பு நிக்குமாமே?

கொழுப்பு மிக அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு என்ற கீட்டோஜெனிக் உணவுமுறை 1921 முதல் இருக்கிறது. பிரிட்டனில் மருந்துக்குக் கட்டுப்படாத 145 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் (2008), மூன்று மாதத்தில் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள் 38 சதவீதம், வழக்கமான உணவில் இருந்தவர்களில் 6 சதவீதம். இது கிராம் கணக்கில் அளந்து, ரத்தப் பரிசோதனையோடு செய்யும் சிகிச்சை. வீட்டில் தானாகத் தொடங்கக் கூடாது.

ரெண்டு வருஷமா வரல. இப்ப நிறுத்திடலாமா?

குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பு இல்லாத 1013 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த சோதனை 1991-ல் வெளியானது. மெதுவாக நிறுத்தியவர்களில் 59 சதவீதம் பேருக்கும் தொடர்ந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் வலிப்பு வரவில்லை. தொடர்ந்தாலும் சிலருக்கு வருகிறது, நிறுத்தினாலும் பாதிக்கு மேல் வரவில்லை. உங்கள் வலிப்பு எந்த வகை என்பதைப் பொறுத்து இந்த எண் மேலும் கீழும் போகும்.

நார்வேயில் நடந்த இன்னொரு சோதனையில் (2008) நிறுத்தியவர்களின் யோசிக்கும் திறனையும் அளந்தார்கள். எல்லாச் சோதனைகளிலும் இயல்பான மதிப்பெண் பெற்றவர்கள் 11 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக உயர்ந்தார்கள். ஓராண்டில் வலிப்பு திரும்பியது 15 சதவீதம் பேருக்கு, தொடர்ந்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு. தெளிவான மூளைக்கும் திரும்பி வரக்கூடிய ஒரு வலிப்புக்கும் நடுவில் எதைத் தேர்வது என்பது உங்கள் வேலை, வயது, வீட்டுச் சூழலைப் பொறுத்தது. உயரத்தில் நின்று வேலை செய்பவரும் பரீட்சைக்குப் படிப்பவரும் ஒரே முடிவை எடுக்க வேண்டியதில்லை.

மறதிக்குன்னு ஒரு மாத்திரை தர முடியாதா?

வலிப்பு சார்ந்த மறதிக்கு வேலை செய்வதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை இல்லை. முதுமை மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசிலை ஒரு சிறு ஆய்வில் சோதித்தார்கள், போலி மாத்திரையை விட மேலாக இல்லை. உதவுவது பழக்கங்கள்: ஒரே நோட்டு, எப்போதும் அதே இடம், போனில் அலாரம், கேட்டதை உடனே வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது. இவை மூளையைக் கூர்மையாக்காது. ஆனால் அன்றாட வாழ்க்கையில் கைகொடுக்கும், வாழ்க்கைத் தர மதிப்பெண்ணும் ஏறலாம்.

தூக்கத்துலயே உயிர் போயிடும்னு படிச்சேன். உண்மையா? டாக்டர் ஏன் சொல்லல?

உண்மை, ஆனால் அரிது. பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர், குழந்தைகளில் 4500-ல் ஒருவர் என்று 2017-ன் வழிகாட்டி கணக்கிட்டது. பயமுறுத்த வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் செய்ய வழி இருக்கிறது. உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்புதான் முக்கிய ஆபத்துக் காரணி. அது கட்டுப்பட்டால் ஆபத்தும் இறங்கும். மாத்திரையைத் தவறவிடாமல் இருப்பதற்கு இதை விடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது. இரவில் அதே அறையில் ஒருவர் இருப்பதும் உதவும்.

ஆராய்ச்சில 'நல்லா வேலை செய்யுது'ன்னு போட்ட மருந்து எனக்கு ஏன் செய்யல?

புதிய வலிப்பு மருந்துச் சோதனைகளில் 'வேலை செய்தது' என்பதற்குப் பெரும்பாலும் பொருள், வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது என்பதே. ஏற்கெனவே எடுக்கும் மருந்தோடு புதியதையோ போலியையோ சேர்த்து மூன்று நான்கு மாதங்கள் பார்ப்பார்கள். பாதியாகக் குறைவது வீட்டில் எப்படி உணரப்படுகிறது என்று மூன்றாவது கேள்வியிலேயே பார்த்தோம். மூன்று மாதத்தில் தெரியாத மந்தம் மூன்றாவது வருடத்தில் தெரியலாம். கற்றல் குறைபாடு உள்ளவர்களும் மனநோய் உள்ளவர்களும் பல சோதனைகளில் சேர்க்கப்படுவதே இல்லை, அவர்களுக்குத்தான் இந்த விடைகள் அதிகம் தேவை.

அதனால்தான் நினைவுச் சோதனையையும் வாழ்க்கைத் தரப் படிவத்தையும் கடைசிப் பக்க இணைப்பாக வைக்காமல், முதல் பக்க முடிவாக வைக்க வேண்டும் என்று வாதாடுகிறோம். ஒரு ஆய்வில் சேரச் சொல்லி உங்களைக் கேட்டால், "வலிப்பைத் தவிர வேறு என்ன அளக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். ஒப்புதல் தந்த பிறகும், காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

டாக்டரைப் பார்க்க அஞ்சு நிமிஷம்தான் கிடைக்குது. இதையெல்லாம் எப்படிச் சொல்றது?

எழுதிக் கொடுங்கள். பக்கவிளைவுகளை 19 வரிகளில் கேட்கும் படிவம் ஒன்றைக் காத்திருக்கும்போதே நோயாளிகள் நிரப்ப, அதை மருத்துவர் கையில் கொடுத்துப் பார்த்தது 2004-ல் வந்த ஓர் ஆய்வு. அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர்கள் மருந்தை அதிகம் திருத்தினார்கள், நோயாளிகளின் பக்கவிளைவுகள் குறைந்தன. பொதுவாக 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் 'பரவாயில்ல' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.

படிவம் கிடைக்காவிட்டால் ஒரு தாள் போதும்: வலிப்பு வந்த தேதிகள், தவறிய மாத்திரைகள், தூக்கம், மனநிலை, மறதிக்கு ஓர் உண்மைச் சம்பவம், மேலே சொன்ன அந்த மூன்று தேதிகள். முடிந்தால் உடன் வாழும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், வலிப்பின் வீடியோ இருந்தால் அதையும். சுயநினைவு தடுமாறும் வகை வலிப்பு வந்தது வந்தவருக்கே தெரியாமல் போகும். "இந்த மாசம் ஒண்ணும் வரல" என்று அவர் முழு நம்பிக்கையோடு சொல்லும்போது, பக்கத்து நாற்காலியில் இருக்கும் மனைவி மெதுவாக நான்கு விரல்களைக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.